ஆறாவது கண்டத்தின் அட்டை

என் அக்காவின் கணவர் ஈப்போ தபால் நிலையத்தில் தந்தி குமாஸ்தா. நாள் முழுக்கத் தந்தியோடு மாரடித்தது போதாதென்று, அனுமதி வாங்கி புந்தோங் வீட்டிலும் ஒரு கம்பியில்லாத் தந்திக் கருவி வைத்திருந்தார். தகரக் கூரையோரம் மூங்கில் நட்டு ஏரியல் கட்டி, முன்பின் தெரியாத தேசத்துக்காரர்களோடு விரல் வலிக்கத் தட்டிக்கொண்டிருப்பார். அக்கா தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்த ஆண்டு அவருக்கு ஒரு வெறி பிடித்தது. மக்கள் வாழும் ஆறு கண்டங்களோடும் பேசி, பேசியதற்குச் சாட்சியாகக் கண்டத்துக்கு ஓர் அட்டை வாங்கிவிட்டால் ஒரு சான்றிதழ் கிடைக்கும். ஐந்து அட்டைகள் வந்துவிட்டன. தென் அமெரிக்கா மட்டும் பாக்கி. ஒரு நாள் விடியற்காலை ஆறு மணிக்குச் சிலி நாட்டுக்காரர் ஒருவர் அகப்பட்டார். நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்த ரப்பர் தோட்டத்துக்கே சைக்கிளில் வந்துவிட்டார் மச்சான்.

"மாப்ளே, கெடச்சிடுச்சு லா! அவ்வளவு தெளிவா கேட்டேன்!"

நாம் ஓர் அட்டை அனுப்பினால்தான் பதிலுக்கு அவர்களுடைய அட்டை வரும். நம் அட்டையை எழுதுவது என் வேலை. கையெழுத்து நன்றாயிருக்கும் என்கிற கர்வம் எனக்கு. அட்டையில் கிரீன்விச் நேரம்தான் போடவேண்டும். அந்தக் காலத்து ஈப்போ நேரத்தில் ஏழு மணி நேரத்தைக் கழித்தால் ஆயிற்று. அதுவரை எல்லாமே மாலைப் பேச்சுகள் என்பதால் தேதி மாறியதில்லை. காலை ஆறில் ஏழைக் கழித்தால் முந்தைய நாள் இரவு பதினொன்று. மணியை மாற்றினேன். தேதியை மாற்றவில்லை.

சில மாதம் கழித்துப் பதில் வந்தது. அந்தத் தேதியில் உங்களோடு நான் பேசவே இல்லை என்று எழுதியிருந்தார் சிலிக்காரர்.

தபால் நிலையத்தில் சிரித்தார்கள். அதைக்கூட மச்சான் தாங்கியிருப்பார். தன் காதே தன்னை ஏமாற்றிவிட்டது என்று நம்பியதுதான் அவரைச் சாய்த்தது. "காதை நம்பித்தானே மாப்ளே பொழைக்கிறேன்" என்றார். கருவியைத் துணி போட்டு மூடினார். ஆபீசிலும் ஒவ்வொரு தந்தியையும் இரண்டு முறை கேட்டு வாங்க ஆரம்பித்தார்.

ஒவ்வொரு பேச்சையும் நாள், மணியோடு அவர் எழுதிவைத்த குறிப்பேட்டை ஒரு நாள் புரட்டியபோதுதான் என் தப்பு எனக்குப் புலப்பட்டது. உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கவேண்டும். வாய் வரவில்லை. சரியான தேதி போட்டு இன்னோர் அட்டையை ரகசியமாக அனுப்பினேன். பதிலை அவர் கையில் வைத்துவிட்டு மன்னிப்புக் கேட்டால் திட்டு பாதியாகக் குறையும் என்று நினைத்தேன். என்னைப்போல் ஒரு கோழை இல்லை.

கப்பல் தபால் மெதுவாகத்தான் போகும். அதற்குள் மலேரியா அவரைப் படுக்கவைத்துவிட்டது.

"நான் சரியாத்தானே மாப்ளே கேட்டேன்?"

ஜுர வேகத்தில் திரும்பத் திரும்ப அதையே கேட்டார். "ஆமா மச்சான்" என்றேன். தேற்றுவதற்காகச் சொல்கிறேன் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். தப்பு என்னுடையது என்பதை அப்போதும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரம் அட்டை வந்தது. ஆம், பேசினோம், உங்கள் சத்தம் நன்றாகக் கேட்டது என்று இருந்தது. அக்காவிடம் அதைக் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை.

"அவரு கேட்டுக்கிட்டே கெடந்தப்ப, பக்கத்துல நீதானே உக்காந்திருந்தே?" என்றாள்.