குங்கிலியம் கொதித்த சட்டி

தோல் தைக்கிற நூலுக்கு மெழுகு காய்ச்சுவது கிட்டத்தட்ட சமையல்தான். குங்கிலியப் பிசினை இடித்துச் சட்டியில் போட்டு இளக்க வேண்டும். அது நன்றாக இளகிய பிறகு தேன்மெழுகைச் சீவிப் போட்டு, கடைசியில் கொஞ்சம் விளக்கெண்ணெய் விட வேண்டும். பச்சைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு எடுத்தால் வெல்லப்பாகு மாதிரி இழுபடும், அதுதான் பதம். இந்த மெழுகு ஏறிய நூல் துளைக்குள் போய் இறுகிக்கொள்ளும். ஒரு தையல் அறுந்தாலும் அடுத்தது விடாது.

கணியம்பாடிப் பக்கம் ஒரு தோல்பைப் பட்டறையில் வேலை செய்தபோது இதைக் கற்றுக்கொண்டேன். என் வீட்டுக்காரரும் அங்கேதான் தைத்தார். அவருக்கு ஊர் மலைமேல் இருக்கும் புதூர்நாடு. பட்டறையில் ஆட்களைக் குறைத்ததும், வீட்டிலிருந்தே பெல்ட்டும் பையும் தைத்துக் கொடுக்கலாம், மலையில் தேனடைக்கும் பஞ்சமில்லை என்று என்னை அழைத்துப் போனார்.

வீட்டில் மாமியார், என் வீட்டுக்காரரின் அண்ணன், அண்ணன் மனைவி. அவளை நான் அக்கா என்று கூப்பிட்டேன். ஜீப்பிலிருந்து தோல் கட்டு இறங்கியதைப் பார்த்ததுமே அவள் சொல்லிவிட்டாள்.

"மாட்டுத்தோல தொட்ட கையோட அடுப்பாண்ட வராத. உனுக்குத் தட்டு, சொம்பு எல்லாம் தனி."

என் வீட்டுக்காரரும் அதே தோலைத்தான் தொட்டார். அவருக்குத் தனித்தட்டு இல்லை. மாமியாரிடம் கேட்டேன். "ஆம்பளைக்கு இன்னா, கையக் கழுவுனா போச்சு" என்றார். வீட்டுக்காரர் குனிந்து சாமைச்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

மாட்டுக்கொட்டகை ஓரத்தில் எங்களுக்கு இடம் விட்டார்கள். நான் சோறு கேட்டால், அக்கா வாசலில் நின்று தூக்கித்தான் போடுவாள், தட்டில் பாதியும் தரையில் பாதியுமாக விழும். மெழுகு காய்ச்சும்போது புகை வீட்டுக்குள் போகிறது என்று கத்துவாள். வெள்ளிக்கிழமை அம்மனுக்கு அவள் தூபத்தில் போடுவதும் இதே குங்கிலியம்தான். ஒருநாள் அதைச் சொன்னேன். அன்று எனக்குச் சோறு வரவில்லை.

மழை விட்டிருந்த ஒரு காலையில் சட்டியை ஏற்றினேன். குங்கிலியம் இளகிக் கொதித்துக்கொண்டிருந்தது, தேன்மெழுகு இன்னும் போடவில்லை. வீட்டுக்காரர் கொட்டகைக்குள் ஒரு பெல்ட்டை முழங்காலில் இடுக்கித் தைத்துக்கொண்டிருந்தார். அக்கா குடத்தோடு வந்தாள்.

"அணைடின்னா கேக்க மாட்டியா?"

"தண்ணி ஊத்தாதக்கா, தெறிக்கும்! தெறிக்கும்க்கா!"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டேதான் ஊற்றினாள், அடுப்பில் இல்லை, சட்டியில்.

சட்டி வெடித்த மாதிரி இருந்தது. முகத்தைக் காப்பாற்றக் கையை உயர்த்தினேன். வலது கை முழுக்க அப்பிக்கொண்டது. கொதிக்கிற தண்ணீர் என்றால் வழிந்து போகும், குங்கிலியம் போகாது. ஒட்டிக்கொண்டே வேகும். வீட்டுக்காரர் ஓடிவந்து துணியால் துடைத்தார். துணியோடு தோலும் வந்தது.

"நடிக்கிறா பாரு" என்று அக்கா சொன்னது நன்றாகக் கேட்டது.

ஜீப்பில் கீழே ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா எப்படி ஆச்சு என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் சொன்னார்: "சட்டி தானா கவுந்துடுச்சுங்க." பிறகு என் காதருகே குனிந்தார். "போலீசு கேசுன்னா அண்ணனுக்கு அசிங்கம். பொறுத்துக்க."

எரிச்சலைவிட அந்தப் 'பொறுத்துக்க' அதிகமாக வலித்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மை அதுவல்ல. எரிச்சல்தான் அதிகம். அவர் மேல் வெறுப்பு வர அவகாசம் தேவைப்பட்டது.

புண் ஆறியது. இரண்டு விரல்கள் மடங்காமல் நின்றுவிட்டன. அம்மன் பொங்கலுக்கு ஊர் கூடியிருந்தபோது, பெண்கள் நடுவில் உட்கார்ந்திருந்த அக்கா, புதிதாகப் பார்ப்பவள் போல என் கையைப் பிடித்துத் திருப்பினாள்.

"ஐயோ, கை இன்னாமே ஆச்சு உனுக்கு?"

"நீதான் தண்ணி ஊத்துன" என்றேன். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். "வேணாம்னு கத்தினேன். பாத்துக்கினேதான் ஊத்துன."

மாமியார், "சாமி எடத்துல இன்னா பேச்சு இது" என்று என்னை அதட்டினார். பந்தி தொடங்கியது. என் பக்கத்து இலை வரைக்கும் சோறு வந்தது. பரிமாறியது என் வீட்டுக்காரர். அண்ணனைப் பார்த்தார், என்னைத் தாண்டி அடுத்த இலைக்குப் போனார்.

நான் எழுந்து கிடைத்த ஜீப்பில் கீழே இறங்கிவிட்டேன். அடிவாரத்து அமிர்தியில் ஒரு அறை எடுத்தேன். இடது கையால் சட்டி பிடிக்கப் பழகி, பட்டறைகளுக்கு மெழுகு உருண்டை செய்து கொடுக்கிறேன். ஊசி பிடிக்க வரவில்லை.

சில மாதம் கழித்து அவர் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றார்.

"வூட்டுக்கு வா. அண்ணியே வரச் சொல்லுது."

"எதுக்காம்?"

"அம்மா படுத்துக்கிச்சு. பாத்துக்க ஆளு இல்ல."

மலையில் எனக்குச் சோறு போடாத அந்த மனிதருக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்காமல் கதவைச் சாத்தினேன். கொஞ்ச நேரம் தட்டினார். கடைசி பஸ்ஸுக்குப் போய்விட்டார்.