மாலை 5.22 ஸ்கேன்

நம்பச் சொல்லி உங்களைக் கெஞ்சப் போவதில்லை. இதில் வரும் ஸ்கேன் நேரங்கள் இயந்திரம் பதிந்து வைத்தவை. மற்றதெல்லாம் நான் என் கண்ணால் பார்த்தது.

நான் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுப்பவன். அன்று வந்தவர் ஒரு தையல்காரம்மா. மூளையில் கட்டி. மறுநாள் காலை அறுவை சிகிச்சை. ஸ்கேன் இல்லாமல் கத்தியைத் தொட மாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்தடுத்து இரண்டு நாள் மயக்க மருந்தை அந்த அம்மாவின் நெஞ்சு தாங்காது. அந்தக் குழாய்க்குள் இருபது நிமிடம், விழித்தபடியே, அசையாமல் படுத்திருக்க வேண்டும்.

இரண்டு முறை உள்ளே அனுப்பினேன். இரண்டு முறையும் ஒரு நிமிடத்துக்குள் கையிலிருந்த ரப்பர் பந்தை அழுத்திவிட்டார். முடியாவிட்டால் எங்களைக் கூப்பிடத்தான் அந்தப் பந்து.

“சவப்பெட்டியில படுத்த மாதிரி இருக்கு தம்பி.”

“கண்ண மூடிக்குங்கம்மா. இருபது நிமிஷம்தான்.”

“நீ ஒரு தடவ படுத்துப் பாரு. அப்புறம் சொல்லு, இருபது நிமிஷம்தான்னு.”

வாசலில் நின்ற வார்டு உதவியாளர் மீசை அண்ணன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே இன்னும் ஆட்கள் காத்திருந்தார்கள்.

“இந்தத் தடவையும் அழுத்தினா நாளைக்கு ஆபரேஷன் இல்ல” என்று சொல்லிவிட்டு என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினேன்.

மாலை 5.22. தொடங்கினேன்.

கண்ணாடிக்கு அப்பால் அவருடைய பாதங்கள் மட்டும் தெரிந்தன. ஆஸ்பத்திரியில் கொடுத்த வெள்ளை சாக்ஸ். இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன.

டக்... டக்... டக்... இயந்திரம் தட்ட ஆரம்பித்தது.

5.24. இதோ அழுத்திவிடுவார் என்று காத்திருந்தேன். அழுத்தவில்லை. பாதங்களின் நடுக்கம் நின்றிருந்தது. யாரோ பிடித்து நிறுத்தியதுபோல, சட்டென்று.

5.31. தட்டல் ஓய்ந்தது. அடுத்த தட்டலுக்கு முன் சில நொடி அமைதி. ஸ்பீக்கரில் அவர் மூச்சு விடுவது கேட்டது. அதன் அடியில் இன்னொரு மூச்சு... மெதுவாக. கூடவே ஒரு முணுமுணுப்பு. பிரார்த்தனையை உதட்டுக்குள்ளேயே சொல்வார்களே, அப்படி.

“அண்ணே, உள்ள யாராவது போனாங்களா?”

“உன்னைத் தாண்டி எப்படிப்பா போறது?”

கதவு என் நாற்காலியை ஒட்டித்தான் இருக்கிறது.

5.36. சாக்ஸைப் பார்த்தேன்.

துணி குழிந்திருந்தது.

நான்கு இடத்தில். விரல் பதிந்ததுபோல.

குழி இறுகியது... தளர்ந்தது... மறுபடி இறுகியது.

எழுந்திருக்க நினைத்தேன். முடியவில்லை.

5.42. ஸ்கேன் முடிந்தது. உள்ளே போய்ப் படுக்கையை வெளியே இழுத்தேன். அறையில் வேறு யாரும் இல்லை. தையல்காரம்மா தூங்கி எழுந்தவர்போல என்னைப் பார்த்தார்.

“ஒரு அம்மாவ அனுப்பினியே, புண்ணியமாப் போகும் தம்பி. கடைசி வரைக்கும் என் கால விடவே இல்ல.”

அறையை மறுபடி சுற்றிப் பார்த்தேன்.

“அடுத்து நான்தான்னு சொன்னாங்க. அவங்களச் சீக்கிரம் கூப்பிடு. பாவம், கையெல்லாம் சில்லுன்னு இருக்கு.”

வரிசையில் அடுத்தவர் மேல்மாடிப் பெண்கள் வார்டு, ஒன்பதாம் படுக்கை. போன் செய்தேன். நர்ஸ் எடுத்தார்.

“நானே கூப்பிடணும்னு இருந்தேன். அந்த ஸ்கேன் வேண்டாம். அஞ்சு பத்துக்கு அவங்க தவறிட்டாங்க.”

திரையில் இருந்த 5.22-ஐப் பார்த்தேன்.

“கடைசி வரைக்கும் இந்த ஸ்கேனை நினைச்சுத்தான் பயந்துட்டே இருந்தாங்க. ஸ்கேன் ஃபார்ம்ல எழுதி அனுப்பினேனே, பாக்கலையா?”

மேசை முழுக்கத் தேடினேன். கடைசியில், நான் படித்துக்கொண்டிருந்த நாவலுக்குள் கிடைத்தது. பின்பக்கத்தில் நர்ஸின் கையெழுத்து:

‘குழாய்க்குள் போக மிகவும் பயப்படுகிறார். யாராவது பக்கத்தில் நின்று கால்களைப் பிடித்துக்கொண்டால் போதும் என்கிறார்.’

காலை 10.30-க்கே வந்த ஃபார்ம் அது. திருப்பிக்கூடப் பார்க்காமல், எங்கோ பனி பெய்யும் ஊரில் நடக்கும் ஒரு கதையில், விட்ட பக்கம் மறந்துவிடக் கூடாது என்று மடித்து வைத்திருந்தேன்.