தலைவர் வரும்வரை தண்ணீர் இல்லை

பழனிசெட்டிபட்டியில் நான்காம் வகுப்பு எடுத்த சாராள் டீச்சருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்தது. அந்தக் கோபம் அவர் மேலேயே பாய்ந்தது, எழுபத்து நாலாம் வருஷம் வீரபாண்டி சித்திரைத் திருவிழாவில்தான்.

பிள்ளைகளுக்குத் தொண்டு பழக்க வேண்டும் என்று தேனி சேவைச் சங்கத்தார் கோயில் வழியில் தண்ணீர்ப் பந்தல் போட்டிருந்தார்கள். லீவில் இருந்த பத்துப் பிள்ளைகளை டீச்சர் கூட்டி வந்திருந்தார். சங்கத் தலைவர், ஏலக்காய் வியாபாரி வைகுண்டராஜ், முதல் தம்ளரைக் கொடுத்துப் போட்டோ எடுக்கும்வரை பானையைத் தொடக் கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லிவைத்தவரும் டீச்சர்தான். மணி பதினொன்றாகியும் தலைவரைக் காணோம்.

அக்கினிச்சட்டி எடுத்துவிட்டுத் திரும்பிய ஒருத்தி, பஞ்சம்மாள் என்ற சிறுமியிடம் கை நீட்டினாள். "ஆத்தா, ஒரு வாய் தண்ணி குடு."

"தலைவர் வந்தாத்தான் குடுப்போம்" என்றாள் பஞ்சம்மாள், பாடம் ஒப்பிக்கிற மாதிரி.

டீச்சருக்குச் சுரீரென்றது. பானை மூடியைத் தூக்கி எறிந்துவிட்டு அவரே மொண்டு கொடுத்தார். "ஏலே, எல்லாரும் மோந்து குடுங்க. முதல்ல நீங்க ஆளுக்கு ஒரு தம்ளர் குடிங்க."

பானைகள் காலியான பிறகுதான் வைகுண்டராஜ் போட்டோக்காரரோடு வந்தார். "யாரைக் கேட்டுத் தொறந்தீக?" என்று உறுமினார்.

டீச்சர் வெறும் பானையை அவர் கையில் திணித்தார்.

"தொண்டு பழக்கக் கூட்டியாந்து, தாகத்துக்குத் தண்ணி இல்லைன்னு சொல்லப் பழக்கிட்டோம், நீங்களும் நானும். ஆறு அங்கன ஓடுது. பிள்ளைக பாக்க ஒரு பானை மோந்துட்டு வாங்க."