துருத்திய ஊசி

இந்த இங்கிலாந்துத் தொழிற்சாலையில் நான் அளந்து வைத்த உதிரிபாகத் தட்டை உடனே இன்னொருவன் எடுத்துப்போய் மறுபடி அளக்கிறான். இரண்டு வருஷமாகத் தினமும் இப்படித்தான். அவன் அளந்ததை யாரும் அளப்பதில்லை.

நாங்கள் செய்வது கேபிள்களை இணைக்கும் கோஆக்ஸியல் கனெக்டர். விரல் நுனியளவுப் பித்தளைக் குழல், நடுவே ஓர் ஊசி. ஊசி விளிம்பைத் தாண்டி ஒரு மயிரிழை துருத்தினாலும் எதிரே பொருத்தும் கனெக்டரை உடைத்துவிடும். டயல் கேஜ் வைத்து அதைப் பார்ப்பது என் வேலை. வந்த முதல் வாரம் ஃபோர்மன், ஊசி 'டூ டென்த்ஸ்' உள்ளே இருக்கலாம் என்றான். மில்லிமீட்டரில் பத்தில் இரண்டு என்று எடுத்துக்கொண்டேன். அவர்கள் பேச்சில் டென்த் என்றால் அங்குலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்காம். ஒரு தட்டு முழுக்கத் தவறாகப் போனது. இவனுக்கு எண்ணத் தெரியுமா என்று என் எதிரிலேயே கேட்டான். அன்று ஆரம்பித்தது இந்த மறு அளவை.

எண்ணத் தெரியும். எழுபதுகளில் ராணிப்பேட்டை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இதே வேலையை ஆறு வருஷம் பார்த்தவன். தோல் தொழிற்சாலை நாற்றம் நுழையாமலிருக்க ஜன்னலெல்லாம் அடைத்த அறை. அங்கே ஒருமுறை, ஊசி துருத்திய ஒரு பெட்டிச் சரக்கை ஒதுக்கினேன். சூப்பர்வைசர் தனசேகர் வந்தார்.

"இன்னாய்யா, துளி ஜாஸ்தி. அதுக்குப் போய் பேஜார் பண்றே? கையெழுத்து போடு."

"உடைஞ்சிடும் சார்."

"உன் வேலை உடையாம பாத்துக்கோ."

போட்டேன். சரக்கு திரும்பி வந்ததும், கையெழுத்து என்னுடையது என்று என்னைத்தான் வெளியே அனுப்பினார்கள். அந்தக் கையெழுத்தின் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. நர்ஸான என் மனைவி ஜெயசீலிக்கு இங்கே ஆஸ்பத்திரி வேலை கிடைக்க, அவள் பின்னால் வந்து சேர்ந்தேன்.

போன மாதம் இங்கும் ஒரு தட்டில் ஊசிகள் துருத்தின. ஒதுக்கினேன். மறுபடி அளந்தவன் சரியென்றான். ஊசி துருத்துகிறது என்று நான் எழுதிய சீட்டைத் திருத்தச் சொன்னான் ஃபோர்மன். 'நோ' என்றேன். காதில் விழாதவன்போல மறுபடி கேட்டான். 'நோ.' அவனே கையெழுத்திட்டு அனுப்பினான். எதிர்க் கனெக்டர்களை உடைத்துவிட்டு மூன்றே வாரத்தில் எல்லாம் திரும்பி வந்தன. என் சீட்டை எடுத்துப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை. மறுநாளும் என் தட்டுக்காக அவன் ஆள் வந்து நின்றான். வெள்ளைக்காரன் வேலைக்கு மரியாதை தருவான் என்று ஊரிலிருந்து நண்பர்கள் எழுதுகிறார்கள். தருகிறான், செய்கிறவன் முகத்தைப் பார்த்துவிட்டு.

ஜெயசீலியிடம் சொன்னேன். "போதும், ஊருக்கே போய்டலாங்க" என்று சூட்கேஸை இறக்கி என் பருத்திச் சட்டைகளை அடுக்க ஆரம்பித்தாள்.

"அங்க மட்டும் யாரு என்னைக் கூப்பிட்டு வேலை குடுக்கப் போறாங்க?"

அவள் கையிலிருந்த சட்டையை அப்படியே சூட்கேஸில் போட்டுவிட்டு எழுந்தாள்.

சூட்கேஸ் கட்டிலோரம் திறந்தபடியே கிடக்கிறது. மூடவுமில்லை, பிரிக்கவுமில்லை. தினமும் வேலைக்குப் போட்டுப்போகும் சட்டையை அதிலிருந்துதான் எடுக்கிறேன்.