பெரியப்பாவின் கல்

பெரியப்பா மிஷன் ஆஸ்பத்திரியில் வயிற்றை வெட்டுவித்துக்கொண்டு இணுவிலுக்குத் திரும்பியபோது, அவருடைய கல்லைப் பார்க்கத்தான் ஊரே வந்தது. சலம் போகாமல், மூத்திரம் முட்டி அவர் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். கல்லடைப்பு என்று பெரியம்மா சொல்லிவைத்திருந்தார். உண்மையில் டாக்குத்தர் வெட்டி எடுத்தது சலப்பைக்குக் கீழே வளர்ந்திருந்த கட்டி. அது புற்று. அந்தச் சொல்லை வீட்டுக்குள்ளேகூட ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவருடைய மகளுக்கு, எனக்கு அக்கா முறை, அப்போது கலியாணப் பேச்சு முற்றியிருந்தது. தகப்பனுக்குப் புற்று என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் வாசல் படலைக்கு அப்பாலேயே நின்றுவிடுவார்கள்.

பெரியப்பா சாய்மனைக் கதிரையில் போர்த்திக்கொண்டு கிடப்பார். போர்வைக்குள்ளிருந்து ஒரு றப்பர் குழாய் இறங்கிக் கீழே இருந்த போத்தலுக்குள் போகும். பக்கத்தில் இருந்து நான் சின்னக் கற்களை எறிந்து பிடித்துக் கொக்கான் வெட்டுவேன். வந்தவர்கள் தோடம்பழத்தைக் கொடுத்துவிட்டு, மூக்கைச் சுளிக்காமலிருக்கப் பெரும்பாடு பட்டார்கள். "கல்லு எங்கை?" என்று கேட்க மட்டும் ஒருவருக்கும் கூச்சமில்லை. கல் எடுத்தவர்கள் அதைக் கொண்டுவந்து நாலு பேருக்குக் காட்டுவதுதான் ஊர் வழக்கம். "டாக்குத்தர் தன்னோடை வைச்சிட்டார்," என்று பெரியம்மா சமாளிப்பார்.

மாப்பிள்ளையின் தாயார் வந்த அன்று அது எடுபடவில்லை.

"எங்கடை அண்ணைக்கும் அதே டாக்குத்தர்தான் வெட்டினவர். கல்லைக் கையிலை குடுத்தெல்லோ விட்டவர்," என்றார் அவர். கதவுக்குப் பின்னால் அக்கா அசையாமல் நின்றாள்.

பெரியப்பா பெரியம்மாவைக் காட்டிச் சிரித்தார். "இவ கண்டால் அழுவா எண்டு நான்தான் ஒளிச்சு வைச்சனான்," என்று போர்வைக்குள் கையை விட்டு ஒரு கல்லை எடுத்து நீட்டினார். சாம்பல் நிறம், நடுவே ஒரு வெள்ளைக் கோடு. என்னுடைய கொக்கான் கல்! காலையிலிருந்து அதைத் தேடி நான் வீட்டையே தலைகீழாக்கியிருந்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தேன்.

"பிள்ளை, ஓடிப்போய் மாமிக்குத் தேத்தண்ணி கேள்," என்றார் பெரியப்பா அவசரமாக.

மாப்பிள்ளையின் தாயார் கல்லைத் தொடாமல் குனிந்து பார்த்தார். "உந்தச் சின்னக் கல்லே இவ்வளவு பாடு படுத்தினது? சரி, இனிக் கலியாண நாளைப் பாப்பம்," என்றார்.

கலியாணம் ஆவணியில் நடந்தது. பெரியப்பா அடுத்த ஆவணியைப் பார்க்கவில்லை.

மாப்பிள்ளையின் தாயார் வந்துபோன அன்று பின்னேரம் பெரியப்பா கல்லைத் திருப்பித் தந்தபோது என் கோபம் போய்ப் பெரிய சந்தோஷம் வந்தது. கல் பொய் என்றால் நோயும் பொய்தானே! எங்கள் ஊரில் நோய்க்கும் மனத்துயருக்கும் வருத்தம் என்ற ஒரே சொல்தான்.

"அப்ப உங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லையே, பெரியப்பா?" என்று அவர் காதுக்குள் கேட்டேன்.

அவர் அக்கா நின்ற பக்கம் பார்த்தார். "ஓம் பிள்ளை, இனி எனக்கு ஒரு வருத்தமும் இல்லை," என்றார்.

நான் கேட்டது நோயை. அவர் சொன்னது எதை என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.