விண்கலத்தின் கதவுக்காரர்

லிஃப்டில் ஏறியதும் எல்லோரும் மேலே மாறும் எண்களைப் பார்ப்பார்கள். எங்கள் கீழ்வீட்டுக்காரர் மட்டும் தலையைக் குனிந்து அடுத்தவர் காலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். புதிதாகக் குடிவந்தவர்கள் தங்கள் செருப்பு எங்கே பிய்ந்திருக்கிறது என்று பதறிப்போய்த் தேடுவதுண்டு. அவர் அதையெல்லாம் கண்டுகொள்ள மாட்டார். “இவர் ரெண்டாவது மாடியில இறங்கப் போறார்” என்று என் காதைக் கடிப்பார். பெரும்பாலும் பலித்துவிடும். பலிக்காவிட்டால், “நடுவுல மனசு மாறிட்டார் தம்பி” என்பாரே தவிர, தோற்றதாக ஒப்புக்கொண்டதில்லை.

ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு அந்த விண்வெளித் தொடர் நினைவிருக்கும். வாரம் ஒரு நாள், கறுப்பு வெள்ளையில், ஒரு கப்பல் ஊர் பேர் தெரியாத கிரகத்துக்கெல்லாம் போகும். அந்தக் கப்பலுக்குள் யார் நடந்து வந்தாலும் கதவு தானாக இரண்டாகப் பிரிந்து வழிவிடும். நாங்கள் வாயைப் பிளந்தது ராட்சதப் பல்லிகளைப் பார்த்தல்ல, அந்தக் கதவைப் பார்த்துத்தான். வீட்டு அலமாரியின் முன்னால் போய் விறைப்பாக நின்று, அது திறக்காத ஆத்திரத்தில் அதை உதைத்து, அதற்காக அப்பாவிடம் உதை வாங்கியவன் நான்.

அந்தக் கதவைத் திறந்தது எந்த விஞ்ஞானமும் இல்லை. முதல் சீசனில் மோட்டாருக்கு வழியில்லை. ஒட்டுப்பலகைச் சுவருக்குப் பின்னால் இரண்டு பேர் ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இடப்பக்கத்துப் பாதி எங்கள் கீழ்வீட்டுக்காரருடையது. இதை அவர் சொன்ன அன்று எனக்குக் கோபமே வந்துவிட்டது. வாங்கிய உதைக்கு யார் பதில் சொல்வது?

கதவுக்கு அடியில் இருக்கும் இடுக்கு வழியாக, வருகிறவரின் காலை மட்டும்தான் பார்ப்பாராம். “முகத்தைப் பார்த்தா ஏமாந்துடுவோம் தம்பி. முகத்துக்குச் சம்பளம் குடுத்து நடிக்க வச்சிருக்காங்க. கால் நடிக்காது. சீக்கிரம் இழுத்தா, உள்ள வாட்ச்மேன் நிக்கிற மாதிரி இருக்கும். லேட்டா இழுத்தா ஆஸ்பத்திரிதான்.” சுவருக்குப் பின்னால் இருமக் கூடாது, தும்மக் கூடாது. கொசு கடித்தாலும் அடிக்கக் கூடாது.

ஒருமுறை கேப்டனாக நடித்தவர் விறுவிறுவென்று கதவை நோக்கி வந்து, வசனம் மறந்துபோய்ச் சட்டென்று நின்றுவிட்டார். இவர் கையை அடக்கிக்கொண்டார். வலப்பக்கத்து ஆள் இழுத்துவிட்டார். பாதிக் கதவு திறந்து, பாதி மூடியபடி நின்றது. மறுபடி எடுக்க நேரமில்லை. எதிரி சுட்டதில் கப்பல் பழுதாகிவிட்டது என்று கதையையே மாற்றிவிட்டார்கள். “ஒரு மனுஷன் வசனத்தை மறந்ததுக்கு ஒரு கிரகத்தையே சண்டையில இழுத்து விட்டுட்டோம்” என்று இன்றைக்கும் தொடையைத் தட்டிக்கொண்டு சிரிக்கிறார்.

தொடர் முடிந்து எழுத்து ஓடும்போது அவர் பெயர் வந்ததே இல்லை. வருத்தமில்லையா என்று கேட்டேன். “பேர் போட்டா, பின்னாடி ஆள் இருக்குன்னு தெரிஞ்சிடுமே!” என்றார். எனக்கு மனிதரை இன்னும் கொஞ்சம் பிடித்துப்போனது.

அவர் மனைவியும் அதே தொடரில் வேலை பார்த்தவர்தான். கப்பல்காரர்களின் வெள்ளி உடுப்பெல்லாம் அவர் தைத்தது. வாயும் கையும் ஒன்றுக்கொன்று சளைக்காத பெண்மணி. போன மழைக்காலத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆனால் மனம் விட்டுப்போனது. வாக்கர் என்கிற நடைச்சட்டத்தை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு படுக்கையறைக் கதவு வரை வருவார். மூடிய கதவைப் பார்த்ததும் திரும்பிவிடுவார். தள்ள வேண்டுமென்றால் ஒரு கையை எடுக்க வேண்டுமே, அதற்குப் பயம். சரி, திறந்தே வைக்கலாமென்றால், “நான் தவழ்றத எல்லாரும் வேடிக்கை பார்க்கணுமா?” என்று சீறுவார். யாராவது வந்து திறந்தாலோ, “நான் என்ன பொம்மையா?” என்று போய்ப் படுத்துக்கொள்வார். உடற்பயிற்சி செய்விக்க வரும் பெண் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டாள்: “இப்படியே படுத்தா, படுத்தபடிதான். பயமில்லாம ஒரு கையை எடுத்துட்டாங்கன்னா பிழைச்சாங்க.”

மறுநாள் நான் போனபோது, கூடத்துப் பக்கம் அந்தக் கதவின் கைப்பிடியில் ஒரு கயிறு கட்டியிருந்தது. கதவு தாழ் விழாமல் ஒட்டச் சாத்தியிருந்தது. கீல் பக்கமாக ஒரு முக்காலியைப் போட்டு, கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, குனிந்து அடி இடுக்கைப் பார்த்தபடி இவர் உட்கார்ந்திருந்தார். எழுபத்தைந்து வயதில் அந்த முதுகு அப்படி வளைவதே பெரிய விஷயம். உள்ளே நடைச்சட்டத்தின் டக், டக். சரியான நொடியில் கதவு கூடத்துப் பக்கம் மெல்லத் திறந்து, அவரையும் சேர்த்து மறைத்துக்கொண்டது. அம்மாள் நிற்காமல் வெளியே வந்துவிட்டார்.

“காத்து பலமா இருக்கு” என்றார்.

“ஜன்னலெல்லாம் மூடியிருக்கேம்மா” என்று வாயெடுத்த அவர்கள் மகளை நான் கண்ணால் அடக்கினேன்.

அன்றிலிருந்து தினமும் காற்று அடித்தது. நாலடி நடந்தவர் சாப்பாட்டு மேசை வரை வந்தார், பிறகு பால்கனி வரை. ஆனால் கை மட்டும் சட்டத்தை விடவில்லை. கயிறு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்ற கவலை மகளைப் பிடித்துக்கொண்டது. “அப்பா, எத்தனை நாளைக்கு இப்படிப் பின்னாடியே உட்காருவீங்க?” என்று கேட்டாள். “கால் சொல்ற வரைக்கும்” என்றார்.

போன வாரம் நானும் மகளும் கூடத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். டக், டக் என்று வந்த சத்தம் கதவருகே நின்றுவிட்டது. இவர் இழுக்கவில்லை, குனிந்து பார்த்தபடியே இருந்தார். மகள் எழப்போனாள். கையை உயர்த்தி அவளை உட்கார வைத்தார். உள்ளே சத்தமே இல்லை. நான் தேநீரைக் கீழே வைத்தேன்.

கதவு அசைந்தது. அவர் கையில் கயிறு தொய்ந்து தொங்கியது.

கதவின் ஓரத்தில் முதலில் ஐந்து விரல்கள் தெரிந்தன. பிறகு அம்மாள் வந்தார். ஒரு கை சட்டத்தில், ஒரு கை கதவில், நெற்றியெல்லாம் வியர்வை. கதவுக்குப் பின்னால் எட்டிப்பார்க்கவில்லை. எங்களைப் பார்த்து, ஆனால் எங்களிடம் இல்லாமல், “இன்னைக்குக் காத்துக்கு லீவு குடுத்துட்டேன்” என்றார்.

நான் இருந்த மூலையிலிருந்து மட்டும் கதவுக்குப் பின்னால் இருந்தவர் தெரிந்தார். முக்காலியில் உட்கார்ந்தபடியே, கயிற்றை விட்ட கையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டிருந்தார், சத்தம் வெளியே போய்விடாமல்.