ஒன்பது வெள்ளி ரூபாய்களும் கொஞ்சம் புளியும்

அன்று என் வீட்டில் நான்கு பேர் இருந்தோம். நான், என் மனைவி, காசுகளைக் கொடுத்த மீனவர், அவற்றுக்கு விலை சொல்ல வந்த செங்கல்பட்டு வியாபாரி. வேறு யாரும் இல்லை. ஆனால் மாமல்லபுரம் பக்கத்தில் மீனவர் இருக்கும் குப்பத்தில், பத்துப் பேர் கூட நின்று பார்த்ததுபோலப் பேசிக்கொள்கிறார்களாம். அதனால்தான் முதலில் இதை எழுதிவிடுகிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். சிங்கப்பெருமாள் கோயிலில் குடியிருந்துகொண்டு ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய காசு தேடிப் போவேன். அந்த மீனவர் அடுப்படிச் சுவரை இடித்தபோது ஒரு பவுடர் டப்பாவில் ஒன்பது வெள்ளி ரூபாய்கள் கிடைத்தன. ராஜா தலை போட்டவை. அதிகம் கைபடாதவை, ராஜாவின் காது மடலும் சட்டைப் பூவேலையும்கூடத் தேயவில்லை. மேலே கருநீலமாக ஒரு படிவு ஏறியிருந்தது. அந்தக் கறுப்புக்குத்தான் விலை. யாரும் கழுவாத காசு என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

"தண்ணிகூட படக் கூடாது. துணியாலயும் தொடைக்காத" என்று அவரிடம் சொன்னவனே நான்தான்.

வேறு எவனாவது வந்து கொத்திக்கொண்டு போய்விடுவானோ என்ற பயத்தில் வாக்கும் கொடுத்தேன். நாற்பத்தைந்தாயிரம், குறைந்தால் கைக்காசு போட்டுத் தருகிறேன் என்று. ஐயாயிரம் முன்பணம் கொடுத்துக் காசுகளை வாங்கி வந்தேன். அவருடைய படகு எஞ்சின் நின்றுபோய், படகு கரையில் கிடந்தது. என் வாக்கை நம்பி, பழைய எஞ்சின் ஒன்றை விலை பேசிவைத்தார்.

வியாபாரி வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னார். அதுவரை எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு காசில் ராஜாவின் கன்னத்தில் மட்டும் அந்தப் படிவு தடித்துத் திட்டாக இருந்தது. அதைக் காட்டியே விலையை இறக்கிவிடுவாரோ? வியாழன் மாலை என் மனைவி குழாயடியில் மறுநாளைக்காகக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் புளி கேட்டு வாங்கினேன். திட்டை மட்டும் எடுக்கத்தான். எடுத்ததும் கன்னம் வெளுத்து, முகம் தேமல் வந்ததுபோல ஆனது. சரி என்று முழுக் காசையும் தேய்த்தேன். இப்போது மற்ற எட்டும் அதன் பக்கத்தில் அழுக்காகத் தெரிந்தன. பாத்திரம் தேய்க்கும் நாரையும் எடுத்துக்கொண்டேன். தெரிந்தேதான் செய்தேன். கை நிற்கவில்லை.

மறுநாள் மீனவரும் வந்திருந்தார். வியாபாரி முதல் காசை விளிம்பில் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, லென்ஸ் வைத்துப் பார்த்தார். இரண்டாவதையும் பார்த்தார். மூன்றாவதோடு லென்ஸைப் பையில் போட்டுவிட்டார்.

"இன்னா அண்ணாத்த, சோத்துக் குண்டான் கணக்கா தேச்சி வெச்சிகீற?"

"பளபளன்னுதான சார் கீது?" என்றார் மீனவர்.

"அதான்யா பேஜாரு. பூரா கீறல். இத்த காசுன்னு எவனும் வாங்க மாட்டான். வெள்ளி எடைக்கு எடுத்துக்கிறேன். பதினோராயிரம்."

மீனவர் என் பக்கம் திரும்பினார். "தண்ணிகூட படக் கூடாதுன்னு நீதான அண்ணாத்த சொன்ன? பசங்களக்கூட கிட்ட வுடல நானு."

"புளி குடுத்தது நான்தாண்ணே" என்றாள் மனைவி.

"நீ இன்னாமா பண்ணுவ, வெளக்கு தேச்சிகினு இருந்த."

"மீதிய நான் போடறேன்" என்றேன்.

"எப்போ?"

"போடறேன்."

"எஞ்சின்காரன் தேதி கேப்பான் அண்ணாத்த. அவங்கிட்ட போய், போடறேன்னா சொல்றது?"

பதினோராயிரத்தை வாங்கிக்கொண்டு போனார். எஞ்சின் வேறு ஒருவருக்குப் போய்விட்டது. இப்போது அவர் அடுத்தவர் படகில் பங்குக்குப் போகிறார். சம்பளம் வந்ததும் ஆயிரத்து ஐந்நூறு கொண்டுபோய்க் கொடுக்கிறேன். ஐந்து முறை கொடுத்தாயிற்று. நடுவில் இரண்டு மாதம் முடியவில்லை. அவர் எண்ணிப் பார்ப்பதில்லை, திட்டுவதும் இல்லை. திட்டினால் தேவலை. இந்த மாதமும் கேன்டீனில் பாதிச் சம்பளம்தான் போட்டிருக்கிறார்கள். அவருக்கு இன்னும் இருபத்தோராயிரத்து ஐந்நூறு ரூபாய் தர வேண்டும்.